முப்பத்து நாலு பல்

கொல்லிமலைக்கு ஏறுகிற சாலை காரவள்ளியில் தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் கடை வைத்திருப்பவர் பிலோமினா. மலையேறும் சைக்கிள்காரர்கள் அவரைக் குரு என்றே அழைப்பார்கள். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

தணிகாசலத்துக்கு ஒரே ஓர் ஆசை. கூடாரம், அடுப்பு, அரிசி என்று சகல மூட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, எங்கும் இறங்கித் தள்ளாமல், எழுபது வளைவையும் மிதித்தே ஏறிவிட வேண்டும். முதல் முறை பதினெட்டாவது வளைவோடு திரும்பி வந்தார். குரு அவருடைய பின்சக்கரத்தில் முப்பத்து நாலு பல் கொண்ட பெரிய பல்சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார். பின்னால் பல் கூடக் கூட மிதிப்பது லேசாகும், வேகமும் குறையும். இரண்டாவது முறை முப்பத்தொன்றாவது வளைவு வரை போய்த் திரும்பினார்.

மூன்றாவது முறையும் முடியாவிட்டால் சைக்கிளை மைத்துனருக்கே கொடுத்துவிடுவதாக வீட்டில் எல்லோர் முன்னாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். மைத்துனர் நல்ல மனிதர். சீட்டை எவ்வளவு இறக்க முடியும் என்று கேட்டு ஏற்கெனவே இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

அந்தக் கவலையோடுதான் தணிகாசலம் ஒரு திங்கட்கிழமை நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து நின்றார். மூட்டையின் எடை, சாலையின் சரிவு, முழங்காலின் வயது எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. இரண்டு நிறத்தில் வரைபடம்கூட இருந்தது. முடிவாக அவர் கேட்டது ஒன்றுதான்: பின்னால் நாற்பது பல் வேண்டும்.

குரு நோட்டைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பனியன் துணி ஒன்றை எடுத்து வந்தார். பின்சக்கரத்தில் ஒன்பது பல்சக்கரங்கள். சிறியதிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். எட்டு வரைக்கும் எண்ணெயும் கறுப்புமாகத் துணியில் அப்பிக்கொண்டது. முப்பத்து நாலு பல் கொண்ட ஒன்பதாவதைச் சுத்தமான மூலையால் அழுத்தித் துடைத்துச் சீடரிடம் நீட்டினார். கொஞ்சம் தூசி மட்டும் இருந்தது.

"இதுல ஒரு தடவையாவது மிதிச்சீங்களா சார்?"

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றி, அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மேல இன்னும் மோசமான வளைவு வரும்னு வெச்சிருந்தேன்."

"முப்பத்தொண்ணுல மூச்சு வாங்கி இறங்குனீங்களே, அப்பவுமா?"

"அப்பவும் முப்பத்தொம்பது பாக்கி இருந்துச்சே."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கல்யாணத்துக்கு வந்த கம்பளியை விருந்தாளிக்கென்று பீரோவில் வைத்துவிட்டு, முப்பது வருஷமாகக் கிழிந்த போர்வையில் குளிரைத் தாங்குகிறவர். நாற்பதை மாட்டிக் கொடுத்தால் அதைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு முப்பத்து நாலைத் தைரியமாகப் போடலாம் என்று மேற்கொண்டு விளக்கினார். சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கோரிக்கையைத் திரும்பப் பெறவில்லை.

குரு துணியை மடித்து வைத்தார். பெடலைச் சுற்றிச் செயினை அந்தப் பெரிய பல்சக்கரத்தில் ஏற்றினார். கியர் மாற்றுகிற விசையின் மேல் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றினார்.

"மேல போய்ப் பிரிச்சுக்கங்க. அதுவரைக்கும் இது ஒண்ணுதான்."

முதல் வளைவிலேயே கடைசி கியரா என்று தணிகாசலம் பதறினார். குரு அதற்குள் வேறொரு வண்டியின் பஞ்சரைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை விடிந்ததும் சீடர் கிளம்பினார். சைக்கிள் மிகவும் மெதுவாகப் போனது. நடந்து வந்த ஒருவர் மூன்று வளைவு வரை பேசிக்கொண்டே கூட வந்தார். பிறகு அவசர வேலை இருப்பதாகச் சொல்லி முன்னால் போய்விட்டார். பலாப்பழ வேன்காரர் வண்டியை நிறுத்தி, ஏதாவது ரிப்பேரா என்று விசாரித்தார். தணிகாசலத்துக்கு அவமானமாக இருந்தது. வேறு கியர் இல்லாததால் மிதித்துக்கொண்டே இருந்தார்.

எழுபது என்று எழுதிய பலகையைத் தாண்டியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே குருவுக்குப் போன் செய்தார். ஒவ்வொரு வளைவுக்கும் எத்தனை நிமிடம், சராசரி என்ன, எந்த வளைவில் குரங்கு குறுக்கே வந்தது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். குரு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் குருவே," என்றார் கடைசியில். "கையிருப்புன்னு ஒண்ணுமே இல்லாம ஏறியிருக்கேன். எழுபத்தொண்ணாவதா ஒரு வளைவு வந்திருந்தா எதைப் போட்டிருப்பேன்?"

"ஏறி முடிச்ச ஆளு பத்து நிமிஷமா பேசிட்டே இருக்கீங்க சார். அந்த மூச்சைப் போட்டிருப்பீங்க."