இருபதாம் மாடியில் நின்ற லிஃப்ட்

சிங்கப்பூரில் நாங்கள் கட்டிய கட்டடத்தில், வெளிச்சுவரை ஒட்டி ஏறும் கம்பிக்கூண்டு லிஃப்டைச் செங்கோடன்தான் ஓட்டினான். ஒருநாள் அதில் ஏறிய ஒப்பந்தக்காரர் பரஞ்சோதி, 'எங்களுக்கு ஞாயிறு ஓய்வு வேண்டாம்' என்று எழுதிய தாளை நீட்டினார்.

"முதல் கையெழுத்து நீ போடுடா. மாட்டேன்னா இந்த நிமிஷமே உன் வேலை பெர்மிட் ரத்து."

செங்கோடன் விசையிலிருந்து கையை எடுத்தான். இருபதாம் மாடி உயரத்தில், கூண்டு காற்றில் ஆடி நின்றது.

"ஏன்டா நிறுத்தினே?"

"பெர்மிட் இல்லாதவன் இதைத் தொட்டா அபராதம் உங்களுக்குத்தான், பாஸ். வேற ஆள் வரட்டும்."

பரஞ்சோதி கீழே பார்த்தார். கம்பியை இறுகப் பிடித்தார்.

"சரிப்பா, ரத்து இல்லை."

"அந்தத் தாள்?"

அவரே கிழித்தார். மூலையில் நின்ற நான் என் சிமென்ட் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். செங்கோடன் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"எந்த மாடி, பாஸ்?"

கட்டடம் முடியும்வரை ஞாயிறுதோறும் நாங்கள் ஓய்வெடுத்தோம். பரஞ்சோதி மட்டும் அதன்பின் எந்த மாடிக்கும் படியேறித்தான் போனார்.