மூன்று விசில் பருப்பு

கொழிஞ்சிப்பாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்து, குப்புசாமி, அர்த்தநாரி ஆகிய மூன்று அண்ணன் தம்பிகளையும் யாரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். சொன்னதற்கு மேல் ஒரு சொட்டுகூடச் செய்யமாட்டார்கள் என்பதுதான் கொஞ்சம் சிரமம்.

மூத்தவன் நாச்சிமுத்துவுக்கு நாற்பது நெருங்குகிறது. பார்த்த பெண்ணெல்லாம் தட்டிப் போய், கடைசியில் தெய்வானை என்று ஒரு பெண் அமைந்து வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. நாச்சிமுத்துவுக்குப் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து டியூபுக்கு டயரை மாட்டுகிறோமா, டயருக்கு டியூபை மாட்டுகிறோமா என்றே தெரியவில்லை. ஆனால் தெய்வானை ஒரு நிபந்தனை போட்டாள்.

"மூணு ஆம்பளைங்க இருக்கற ஊடு. காலம்பூரா நானே பருப்பு வேக வெக்க முடியாது. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வாறோம். அந்த ஊட்டுல பருப்பு வெந்துச்சுன்னா எனக்குச் சம்மதம். வேகலைன்னா வேற பக்கம் பாக்கச் சொல்லுங்க."

நாச்சிமுத்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் அக்கா பாவாயி ஒரு புது குக்கரை பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு, போனில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும் பருப்பக் கழுவோணும். மூடியப் போட்டு வெயிட்ட மாட்டி, மூணு விசில் கேட்டதும் எறக்கிரோணும். பிரஷர் தானா அடங்கற வரைக்கும் மூடியத் தொறக்கவே கூடாது. இவ்வளவுதான் சாமி. கொழந்தகூட செஞ்சுரும்."

குழந்தை செய்திருக்கும். வீட்டில் குழந்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அர்த்தநாரி பருப்பைக் கழுவ உட்கார்ந்தான். கலங்கல் தண்ணீரை வாசலில் கொட்டினான். தண்ணீரோடு பருப்பும் போனது. தெரு முழுக்க இருந்த கோழிகள் செய்தி தெரிந்து வந்து சேர்ந்தன. கொட்டக் கொட்டத் தண்ணீர் தெளிந்துகொண்டே வந்து, கடைசியில் பாத்திரத்தின் அடியில் இருக்கும் கீறல்கூடத் தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிட்டது.

குப்புசாமி எட்டிப் பார்த்தான். "தண்ணி நல்லாத் தெளிஞ்சிருக்குதுடா. பருப்பு எங்க?"

"அக்கா தண்ணியப் பத்தித்தான் சொன்னாங்க."

நல்லவேளை, இன்னொரு பாக்கெட் பருப்பு இருந்தது. தெளிந்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதை அப்படியே அந்தத் தண்ணீரில் போட்டு, மூடி, வெயிட்டை மாட்டி அடுப்பில் ஏற்றினார்கள். மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு விசில் கேட்டது.

"எனக்கு ஒண்ணு கேட்டுச்சு" என்றான் நாச்சிமுத்து.

"எனக்கும் ஒண்ணு கேட்டுச்சு" என்றான் குப்புசாமி.

"எனக்கொண்ணு. ஆக மூணு. எறக்குங்கண்ணா" என்றான் அர்த்தநாரி.

குப்புசாமி இறக்கினான். ஆனால் அர்த்தநாரி தலையைச் சொறிந்தான். "அண்ணா, சத்தம் சன்னல் பக்கமிருந்து வந்தாப்புல இருக்குது. அது பக்கத்தூட்டு வள்ளாத்தாக்கா குக்கரு."

குப்புசாமி யோசித்துவிட்டு, சன்னல் வழியாக வந்தாலும் நம் வீட்டுக்குள் வந்தது நம் விசில்தான் என்றான். நாச்சிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல காரியம் நடக்கிற நாளில் அடுத்தவர் பொருளை எடுத்து ஆள்வதா? நேரே வேலியோரம் போய்க் குரல் கொடுத்தான்.

"அக்கா, உங்க விசிலு மூணு எங்க ஊட்டுக்கு வந்துருச்சுங்க. அவசரத்துக்கு எடுத்துக்கிட்டோம். திருப்பிக் குடுத்தர்றோம்."

வள்ளாத்தா கை வேலையாக இருந்தாள். "சரி, குடுத்துருங்கப்பா" என்றாள் திரும்பிப் பார்க்காமலே.

மனச்சுமை இறங்கியது. இனி பிரஷர் அடங்க வேண்டும். நாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் அது எப்படி அடங்கும் என்று குப்புசாமி கேட்டதால், மூவரும் மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு குக்கரைப் பார்த்தபடி இருந்தார்கள். அந்த நேரத்தில்தான் தெய்வானையும் அவள் அப்பா பொன்னுரங்கமும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். நாச்சிமுத்து வாசலிலேயே வாயில் விரலை வைத்துக் காட்டினான்.

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லைங்களா?" என்று பொன்னுரங்கம் ரகசியமாகக் கேட்டார்.

"குக்கருக்குங்க" என்றான் நாச்சிமுத்து, அதைவிட ரகசியமாக.

இலை போட்டார்கள். பொன்னுரங்கம் பருப்பை ஒரு வாய் வைத்தார். மோட்டாரில் கல் சிக்கிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "எத்தன விசில் விட்டீங்க மாப்ள?" என்றார்.

"மூணுங்க. எனக்கொண்ணு, தம்பிக்கொண்ணு, சின்னவனுக்கொண்ணு."

பொன்னுரங்கம் இலையை மடித்தார். "எந்திரி தெய்வான. போலாம்."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் தெய்வானை எழுந்திருக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க கணக்கு சரிதானுங்கப்பா. எங்க கம்பெனியில ஒரு பனியன ரெண்டு பேரு பாத்தா ரெண்டு தடவ பாத்ததாத்தான் கணக்கு. விசிலு சரியாத்தான் உட்ருக்காங்க. பருப்புதான் கேக்கல. இன்னொருக்கா வெச்சுப் பாக்கட்டும்."

நாச்சிமுத்து அவளை ஏறிட்டுப் பார்த்தான். தன் வாழ்நாளில் இப்படிப்பட்ட அறிவை அவன் சந்தித்ததில்லை.

குக்கர் மறுபடி அடுப்பேறியது. உடனே புதுச் சிக்கல் வந்தது. இப்போது வீட்டில் ஆறு பேர். ஒரு விசில் வந்தாலே ஆறாகிவிடும், பருப்பு குழைந்து போகும் என்று தெய்வானை எடுத்துச் சொன்னாள். மூன்று பேர் வெளியே போகவேண்டும். விருந்தாளியை வெளியே அனுப்புவது மரியாதையில்லை என்று நாச்சிமுத்து. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் விருந்தாளி இருப்பது அதைவிட மரியாதையில்லை என்று தெய்வானையின் அம்மா. குப்புசாமி ஆளுக்குப் பாதியாக, ஒற்றைக் காதைப் பொத்திக்கொள்ளலாம் என்றான். ஆறு பாதி மூன்று. இதை எல்லோரும் பலமாக ஆமோதித்தார்கள்.

பொன்னுரங்கம் அவர்களை ஒரு சுற்று பார்த்தார். பெற்ற மகளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு வெகு பணிவாகக் கேட்டார்.

"நான் ஒருத்தன் மட்டும் உள்ள இருந்தா, ஒரு விசிலு ஒண்ணுதானுங்களே?"

"ஒண்ணுதானுங்க" என்றார்கள் ஐவரும்.

"அப்ப எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு அந்த வேப்பமரத்துக்கு அந்தாண்ட போயி நில்லுங்க. நான் கூப்படற வரைக்கும் வராதீங்க."

அன்று அந்த வீட்டில் பருப்பு பூவாக வெந்தது. நெய் விட்டுப் பிசைந்து எல்லோரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். வேக வைத்தது தன் அப்பாதானே என்று தெய்வானை பேதம் பார்க்கவில்லை. இந்த வீட்டில் பருப்பு வேக வேண்டும் என்றாள், வெந்துவிட்டது. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது பொன்னுரங்கம் அழுதார். பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இப்போது வீட்டில் நான்கு பேர். தினமும் குக்கர் அடுப்பேறியதும் அர்த்தநாரி வேப்பமரத்தடிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுவான். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு விசில், கணக்கு சரியாக இருக்கும். பருப்பு வேகாது. அதற்குப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு நாள் நல்ல மழை. அர்த்தநாரியால் வெளியே போக முடியவில்லை. விசில் வந்தபோது நான்காகிவிட்டது. என்ன செய்வதென்று நால்வரும் திகைத்து நிற்க, நாச்சிமுத்துவுக்குத்தான் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"வள்ளாத்தாக்காவுக்குக் குடுக்கோணுமே. கூடுதலா வந்தது உன்ர காதுலதான்டா இருக்குது. சிந்தாம கொண்டுபோயிக் குடுத்துட்டு வா."

அர்த்தநாரி காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு, கொட்டுகிற மழையில் வேலியைத் தாண்டி ஓடினான். வள்ளாத்தாவின் அடுப்படிக்குப் போய், அவள் குக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கையை எடுத்தான்.

"அக்கா, அன்னைக்கு வாங்குன விசிலுங்க."

வள்ளாத்தா அவனையும் பார்த்தாள், குக்கரையும் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் வந்துருக்குது. அன்னைக்கு எடுத்தது மூணாச்சே?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் நால்வரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு மழை பெய்தால் தீர்ந்துவிடும். எங்கள் பக்கம் மழைதான் கொஞ்சம் குறைவு.