நக்கன் எழுதிய சொல்

படைமுகாமில் இருபது ஆண்டுகள் ஓலை எழுதியவர் காரிநக்கன். ஐம்பதாவது வயதில் அதை விட்டுவிட்டு, மலைக்குகையில் தவமிருந்த குணமதி அம்மையாரிடம் சீடராகச் சேர்ந்தார். ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலை கேட்டே விட்டார்.

"அம்மையே, படையை விட்டு ஓடினவனையும் துரோகி என்றுதான் எழுதுவோம். ஆணையை மறுத்து நின்றவனையும் துரோகி என்றுதான் எழுதுவோம். இருவருக்கும் ஒரே சொல் பொருந்துமா?"

அம்மையார் எழுந்து குகைவாசலைப் பெருக்கத் தொடங்கினார்.

உச்சிப்பொழுதில் சிறுபடை ஒன்று சுனையில் தண்ணீர் குடிக்க ஏறி வந்தது. நடுவே, கைகள் கட்டப்பட்ட ஒரு வீரன். படைத்தலைவன் நக்கனை அடையாளம் கண்டுகொண்டான்.

"நல்லவேளை, நீர் இங்கே இருக்கிறீர்! எங்கள் எழுத்தன் காய்ச்சலில் போய்விட்டான். அரண்மனைக்கு ஓர் ஓலை வேண்டும். 'கொற்றன், துரோகி.' அவ்வளவு போதும், தலை போய்விடும்."

நக்கன் எழுத்தாணியை எடுத்தார்.

"அவனைக் கேட்டாயா?" என்றார் அம்மையார்.

முகாமில் அப்படியொரு வழக்கமே இருந்ததில்லை. நக்கன் தயங்கித் தயங்கிக் கைதியின் அருகே போனார்.

"என்ன செய்தாய், அப்பா?"

"வயலுக்குத் தீ வைக்கச் சொன்னார்கள், ஐயா. அறுப்புக்கு நின்ற நெல். பந்தத்தைக் கீழே போட்டுவிட்டேன்."

"பிறகு ஓடினாயா?"

"எங்கே ஓட? அங்கேயேதான் நின்றேன்."

கேட்டதைக் கேட்டபடி எழுதி, நக்கன் உரக்க வாசித்தார். படைத்தலைவனின் முகம் கறுத்தது.

"நான் சொன்ன சொல் எங்கே?"

"நடந்தது இருக்கிறது. சொல்லை மன்னர் சொல்லட்டும்."

படைத்தலைவனின் கை வாளுக்குப் போனது. ஆனாலும் நக்கன் ஓலையைத் திருத்தவில்லை. எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் அங்கே இல்லை. ஓலையைப் பிடுங்கிக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.

இரண்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. மன்னர் ஓலையை இருமுறை வாசிக்கச் சொன்னாராம். கொற்றனை ஏரி வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம்.

நக்கன் அம்மையாரின் முன் விழுந்து வணங்கினார். எழுந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"ஒருவன் பிழைத்தான், அம்மையே. அந்தச் சொல்லால் நான் சாவுக்கு அனுப்பிவைத்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களுக்கு இனி நான் என்ன செய்வேன்?"

"அவர்களில் ஒருவன் பெயரைச் சொல்."

நக்கன் வாயைத் திறந்தார். ஒரு பெயரும் வரவில்லை.