வேட்கை குடியிருக்கும் இடம்

காவி கேட்டு மடத்துக்கு வருகிறவர்கள் பலவிதம். சிதம்பரதாணு எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்லூரியில் முப்பத்தைந்து வருஷம் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டை விட்டார், பென்ஷனை மனைவிக்கு விட்டுக்கொடுத்தார், காப்பியைக்கூட விட்டார். இங்கிலீஷை மட்டும் விட மறந்துவிட்டார்.

குற்றாலம் போகிற வழியில் நாலே அறை உள்ள சின்ன மடம் அது. அதை நடத்துகிற சாமி இவரைவிட இருபது வயது இளையவர். பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்ததோடு சரி.

"காவி தாரேன், சார்வாள். அதுக்கொரு வேட்கை வரட்டும்," என்றார் சாமி.

ஏழு மாதம் ஆயிற்று. வேட்கை வந்தபாடில்லை. பாவம், மனுஷர் ஏங்கித்தான் போனார். துறவியாகப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். வெள்ளை வேட்டியோடு திரும்பினால் எந்த முகத்தோடு வாசல்படி ஏறுவது?

ஒருநாள் காலையில் சாமியிடமே கேட்டுவிட்டார்.

"வேட்கை உடம்பில் எங்கேயிருந்து வரும், சாமி?"

"இங்கிலீஷ்ல என்ன சொல்லுதாங்க?"

சாமி அதைக் கேட்டிருக்கக் கூடாது. மடை திறந்துகொண்டது. வயிற்றுக்குள் நெருப்பு எரிய வேண்டும் என்பது ஒரு கட்சி. நெஞ்சைக் கொட்டிச் செய்ய வேண்டும் என்பது இன்னொரு கட்சி. பிறவியிலேயே ரத்தத்தில் ஓட வேண்டும் என்பார் சிலர். எலும்புக்குள் உணர வேண்டும் என்பார் வேறு சிலர். எல்லாவற்றுக்கும் உதாரணம் சொன்னார்.

சமையல் பார்க்கிற பேச்சியம்மா கீரை ஆய்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மூணு பொம்பளப் பிள்ளையப் பெத்தவ நான். முப்பது வருசமா வயித்துல நெருப்பைத்தான் கட்டிக்கிட்டிருக்கேன். எனக்கு ஒருத்தரும் காவி தரலையே," என்றாள்.

சாமி சிரிக்கவில்லை. "ஒவ்வொரு இடமாத் தேடிப் பாருங்க, சார்வாள்."

சிதம்பரதாணு சொன்ன வேலையைத் தட்டாத சீடர். வயிற்றிலிருந்து ஆரம்பித்து மூன்று நாள் பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள் நெருப்பு வரத்தான் செய்தது. பேச்சியம்மா ஒரு செம்பு மோர் கொடுத்து அணைத்துவிட்டாள். அடுத்த வாரம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அது தன்பாட்டுக்கு அடித்தது. பிரஷர் மாத்திரை போட மறந்த அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக அடித்தது. எலும்பில் தேடியபோது முட்டுவலி கிடைத்தது. அதுவும் புதிதில்லை. பூஜையில் அவரைப் பத்து நிமிஷம் நிற்க விடாத பழைய வலிதான்.

அந்த வெள்ளிக்கிழமை தென்காசியிலிருந்து மாடக்கண்ணு என்பவர் தன் பிறந்தநாளுக்கு மடத்தில் சாப்பாடு போட வந்தார். இங்கிலீஷ் பேசச் சொல்லித்தரும் வகுப்பு நடத்துகிறவர். பந்தியில் உட்கார்ந்து தன் வகுப்பின் பெருமையை அளந்துகொண்டிருந்தார்.

"வயித்துல நெருப்புன்னு வெள்ளைக்காரன் சொன்னா என்ன அர்த்தம்? நல்ல பசி. அம்புட்டுதான். ஒரே வரியில முடிச்சிருவேன்."

சிதம்பரதாணுவின் முதல் கவளம் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. பிறகு இலைக்கே திரும்பிப் போனது. அவர் எழுந்தார்.

அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டை எடுத்துவந்தார். சோற்றுக் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் சுவரில் ஓர் ஆளை வரைந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரன் எரிச்சலை மண்ணீரலில் குடிவைத்த கதையைச் சொன்னார். துணிச்சலுக்குக் குடலை ஒதுக்கிய கதையைச் சொன்னார். கோழைக்கு ஈரல் வெளுத்திருக்கும் என்றபோது பந்தியே விலாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. ஒரு காரியத்தைச் செய்யாமல் இருக்க முடியாது என்கிற தவிப்புதான் வயிற்று நெருப்பு என்று சொல்லி, கரியால் அந்த ஆளின் வயிற்றில் ஓங்கி ஒரு குத்து வைத்தார். பேச்சியம்மா ரசவாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். மாடக்கண்ணு ஒரு பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரதாணு நிறுத்தியபோது மணி மூன்று.

மாடக்கண்ணுவின் சுருதி இறங்கியிருந்தது. தன்னிடம் படிக்கிற அறுபது பேரும் நோட்டில் பசி என்றே எழுதி வைத்திருப்பதாகவும், சார் ஒருநாள் வந்து திருத்தித் தர வேண்டும் என்றும் கேட்டார். தான் எல்லாவற்றையும் விட்டவன் என்று சிதம்பரதாணு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாடக்கண்ணு வாடிய முகத்தோடு போய் வேனில் உட்கார்ந்தார். டிரைவரைத் தேட ஆள் போயிற்று.

வெறி இறங்கியதும் சிதம்பரதாணுவுக்கு வெட்கமாகிவிட்டது. சாமிக்கு முன்னால் போய் நின்றார்.

"பந்தியில் கோபப்பட்டுட்டேன், சாமி. ஏழு மாசமும் வீண். எனக்கு வேட்கை வரவே வராது."

"சாப்ட்டாச்சா?"

"சாப்பிட்டேன்னுதான் நினைக்கேன்."

"உங்க இலைய மாடு தின்னு ஒன்றரை மணி நேரமாச்சு."

சிதம்பரதாணு வலது கையைப் பார்த்தார். விரல்களில் சாம்பார் காய்ந்து ஒட்டியிருந்தது.

"வயித்துல ஏதும் தெரிஞ்சுதா?" என்றார் சாமி.

"இல்லை."

"நெஞ்சுல?"

"கவனிக்கலை, சாமி."

"முட்டுல?"

சிதம்பரதாணு குனிந்து தன் முட்டுகளைப் பார்த்தார். இவ்வளவு நேரம் யாருடைய முட்டில் நின்றோம் என்றே அவருக்கு விளங்கவில்லை.

வெளியே வேன் உறுமிக் கிளம்பத் தயாரானது. அவர் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பிற்று. கஷ்டப்பட்டு அதைச் சாமியின் பக்கம் கொண்டுவந்தார்.

"அப்போ… காவி?"

"அறுபது நோட்டுல பசின்னு இருக்கு, சார்வாள்," என்றார் சாமி.