கணக்குச் சிப்பின் எடை

ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் சாமானுக்குச் சோலையப்பன் வைத்ததுதான் விலை. வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கும் ஜெயசீலி, தன் பழைய கம்ப்யூட்டருக்குக் கணக்குப் போடும் சிப் கேட்டு அவரிடம் போனாள். அது இல்லாமல் ஒரு படம் திரையில் வருவதற்குள் சோறே வெந்துவிடுகிறது.

சோலையப்பன் ஒரு விலை சொன்னார்.

"இந்த விலைக்கு ஒரு கம்ப்யூட்டரே வாங்கிடலாமேண்ணே."

"பாலம் கட்டுற கம்பெனியில இந்தச் சிப் இல்லாம ஒரு மெஷின்கூட இருக்காது. உனக்கெல்லாம் எதுக்கும்மா?"

வாசலில், காலையில் லாரியிலிருந்து இறக்கிய செத்த கம்ப்யூட்டர்கள் பிரிக்காமல் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் பாலம் கட்டும் கம்பெனி ஒன்றின் பெயர் ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் எப்படிண்ணே?"

"எடைக்குத்தான். நீ எடுத்தாலும் எனக்குக் கொடுத்தாலும் கிலோவுக்கு ஒரே விலை. நம்ம கடையில பேச்சு மாறாது."

ஜெயசீலி ஒன்றை நிறுத்து வாங்கினாள். அவரிடமே திருப்புளி கேட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த சிப்பை நெம்பி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பிறகு பெட்டியை மறுபடியும் தராசில் தூக்கி வைத்தாள்.

"இப்ப நான் கொடுக்கிறேண்ணே. நிறுங்க."

முள் முன்பு நின்ற இடத்திலேயே வந்து நின்றது. அவளிடம் வாங்கிய பணத்தை அவளிடமே நீட்டும்போதும் சோலையப்பன் திறந்த வாயை மூடவில்லை.