ஒட்டி வைத்த சிப்பாய்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பரஞ்சோதி சாமி மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, நாலைந்து சீடர்கள், அவ்வளவுதான். சாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சந்நியாசம் வாங்குவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். சீடர்களில் மூத்தவர் சுபேதார் எத்திராஜுலு, அறுபதைத் தாண்டியவர். இவ்வளவு பெரிய மனுஷர் அந்தச் சின்ன வயசு சாமி காலில் விழுவதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சுபேதார் அதைச் சட்டை செய்ததில்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். மடத்துக்கு வந்த நாளிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பட்டாளத்தில் இருந்தபோது வடக்கே எல்லையில் ஒரு மலையை அவருடைய ஆட்கள் காவல் காத்தார்கள். அவர்களில் தங்கை மகன் தணிகாசலமும் ஒருவன். மாமன் போட்டிருக்கிற உடுப்பைப் பார்த்து ஆசைப்பட்டவனை இவரேதான் கூட்டிப்போய்ப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டார். எதிரி ஏறி வந்த அன்று உச்சிப் பாறையில் நின்றவன் அவன். மேலேயிருந்து, "மாமா, இறங்கிடட்டுமா?" என்று கேட்டான். இவர், "நில்லு" என்றார். நின்றான். அப்புறம் அவன் இறங்கவே இல்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

தங்கை ரங்கநாயகி மாரடித்துக்கொண்டு அழவில்லை, அண்ணனைத் திட்டவும் இல்லை. "கூட்டிக்கிட்டுப் போனியே அண்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு சரி. அதற்கப்புறம் அவர் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அவளோ வருஷா வருஷம், கொலு வைத்திருக்கிறேன், அண்ணனை வரச் சொல்லுங்கள் என்று யார் மூலமாவது சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். இவருக்குத்தான் போக முகமில்லை. அன்றைக்கு இறங்கி வா என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா, மாட்டானா? அது தெரியாமல் அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தார்.

இதை அவர் கேட்கும்போதெல்லாம் சாமி பேசாமல் இருந்துவிடுவார். அந்த வருஷம் புரட்டாசியில் மட்டும் வாயைத் திறந்தார்.

"அந்த மலையை எனக்குச் செஞ்சு காட்டுங்க சுபேதார்."

"செஞ்சு?"

"ஒன்பது நாள் கொலுவில வெச்சுப் பார்ப்போம். விஜயதசமி அன்னிக்கு அதுமேலேயே நீங்களும் நானும் சண்டை ஆடுவோம். உங்க ஆளுங்க உங்க கையில. இறங்கச் சொல்லணும்னா சொல்லிப் பாருங்க."

மடத்தில் சண்டை விளையாட்டா என்று மற்ற சீடர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வாத்தியாராக இருந்த காலத்தில் அட்டையில் மலை செய்து, பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பிள்ளைகளோடு ஆடிய பழக்கம் சாமிக்கு உண்டு. அளவுகோலால் அளந்து நகர்த்த வேண்டும். தாயக்கட்டை உருட்ட வேண்டும். குண்டு பட்டவனைப் படுக்க வைக்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

சுபேதார் ஒரு பழைய கதவுப் பலகையை எடுத்துக்கொண்டார். தெர்மோகோல் அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, கத்தியால் சீவிச் சீவி மலையாக்கினார். சாக்குத் துணியை வெள்ளைச் சாந்தில் முக்கி மேலே போர்த்தினார். சமையல்கட்டிலிருந்து காப்பித்தூள் சக்கையை வாங்கிக் காயவைத்து மண்ணாகத் தூவினார். அடிவாரத்துப் பள்ளத்தில் கேழ்வரகு விதைத்தார், கொலு வைக்கிற அன்று பச்சைப்பசேல் என்று நிற்கட்டும் என்று.

வேலையில் இறங்கிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு மலை செங்குத்தாக இருந்தால்தான் அழகு. ஆடுகிறவனுக்கு அது ஆகாது, வைத்த சிப்பாய் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிடுவான். பார்வைக்கு மரங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கோ நடுவில் கை நுழைய வேண்டும். ஆகவே மரங்களைச் செருகி எடுக்கிற மாதிரி ஆணியில் நிறுத்தினார். சரிவைப் படிப்படியாக வெட்டி, படி தெரியாமல் மண்ணைத் தூவி மறைத்தார். மலை முழுக்க இப்படித்தான், உச்சிப் பாறை ஒன்றைத் தவிர. அதன் மண்டையைச் சீவித் தட்டையாக்க அவருக்குக் கை வரவில்லை. அது கூராகத்தான் இருந்தது, கூராகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மரத்தூளைப் பசையில் பிசைந்து சுண்டுவிரல் உயரத்துக்குச் சிப்பாய்கள் பிடித்தார். ஒருவனுக்கு மட்டும் துப்பாக்கி இடது கையில். தணிகாசலம் இடக்கைக்காரன். அவனை உச்சிப் பாறையில் நிறுத்தினார். விழுந்தான். மறுபடி நிறுத்தினார். மறுபடியும் விழுந்தான். கொலுவில் பொம்மை விழுந்தால் ஆகாது என்பார்கள். சுபேதார் அடுப்பைப் பற்றவைத்தார். தச்சர்கள் பலகை ஒட்டுகிற வஜ்ஜிரத்தைக் காய்ச்சிப் பாதத்தில் தடவி, அவனைப் பாறையில் ஒட்டி, இறுகும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது நாளும் ஊர் சனம் வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு அந்த மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எல்லாரும் உச்சியில் நிற்கிறவனைத்தான் காட்டிக் காட்டிப் பேசினார்கள். எவ்வளவு கம்பீரமாக நிற்கிறான் என்றார்கள். சுபேதார் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

விஜயதசமி மத்தியானம் பலகையைக் கூடத்தின் நடுவில் போட்டார்கள். சாமி எதிரியாகக் கீழேயிருந்து ஏறினார். சுபேதார் உட்கார்ந்ததும் உட்காராததுமாகத் தன் ஆட்களை இறக்கத் தொடங்கினார். இத்தனை வருஷமாக மனசுக்குள் ஆடிய ஆட்டம், கை தானாக ஓடியது. தாயக்கட்டை சிலரைச் சாய்த்தது. சாய்ந்தவர்களைக் கேழ்வரகுப் புல்லில் படுக்க வைத்தார். மிச்சப்பேர் பத்திரமாகப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் ஒருவன்தான் பாக்கி. சுபேதார் கையை நீட்டி அவனைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இறக்கலையா?" என்றார் சாமி.

"வரமாட்டேங்கிறான் சாமி."

"ஏன்?"

"ஒட்டிட்டேன்."

சாமி தாயக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கொலுவைக் கலைத்தார்கள். எல்லாப் பொம்மையும் துணி சுற்றிப் பெட்டிக்குப் போயின. இந்தப் பலகையை மட்டும் தொட வேண்டாம் என்று சாமி சொல்லிவிட்டார், ஆட்டம் முடியவில்லையாம். கேழ்வரகு மஞ்சளாகித் தலை சாய்ந்தது. எறும்பு ஊர்ந்தது. கொலுவைக் கலைத்த வீட்டில் ஒரு பொம்மை நின்றுகொண்டிருப்பது நல்லதில்லை என்று சீடர்கள் முணுமுணுத்தார்கள். சுபேதாருக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்தைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. தாண்டும்போதெல்லாம் அவன் நின்றுகொண்டிருந்தான்.

தாங்க முடியாமல் ஒரு காலையில் சாமியிடம் போனார்.

"அதை எடுத்து வெச்சிடறேன் சாமி. பார்க்க முடியலை."

"நிக்கிறவனை எப்படிப் பெட்டியில வைக்கிறது?"

"அப்ப என் கேள்வி? நான் இறங்கச் சொல்லியிருந்தா பிழைச்சிருப்பானா?"

"எனக்குத் தெரியாது."

சுபேதாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைச் சொல்லவா இவ்வளவு பாடு, முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று குரலை உயர்த்தியே கேட்டுவிட்டார். சாமி எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். குனிந்து, அந்தச் சிப்பாயின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"நில்லுன்னீங்க. நிக்கிறான். அப்புறம் வேற உத்தரவே வரலையே அவனுக்கு. கால் வலிக்காதா, சுபேதார்?"

சுபேதார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கை வீட்டில் அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு அழுதார். யாரும் தேற்றவில்லை. அழுது முடித்ததும் சமையல்கட்டுக்குப் போய் வெந்நீர் வாங்கி வந்தார். துணியை நனைத்துப் பாறையின் நுனியில் ஒத்தடம் கொடுக்கிற மாதிரி வைத்து வைத்து எடுத்தார். வஜ்ஜிரம் மெள்ள இளகியது. "போதும்டா தணிகா, இறங்கி வா" என்றார். கால் உடையாமல் அவன் கைக்கு வந்தான்.

உள்ளங்கையில் அவனை வைத்துக்கொண்டு பாதத்தில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தார்.

"நானே படுக்க வெச்சிடட்டுமா சாமி?"

"கொலுவில பொம்மையைப் படுக்க வைக்கிறது யாரு?"

"வீட்டுப் பொம்பளைங்க." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அவ கேட்பாளே சாமி. பிழைச்சிருப்பானா அண்ணான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க."

சாமி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"கூட்டிக்கிட்டுப் போனது நீங்க. கொண்டுபோய் விடுங்க."