பத்து மணிக்குத் தவறாமல் வரும் மூன்று பேர்

கரூரில் ஒரு கொசுவலைக் கம்பெனி. அதன் ஆன்லைன் பிரிவில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூன்று பேருக்கும் அக்கறை கொஞ்சம் கூடுதல்.

தவமணி தன் வீட்டிலேயே முதல் பட்டதாரி. தன் கண்ணால் பார்க்காத எதையும் ரிப்போர்ட்டில் எழுத மாட்டாள். நாச்சிமுத்து அண்ணனும் கருணாம்பிகை அக்காவும் அவளைப் பார்த்து அப்படியே ஆகிவிட்டார்கள்.

கம்பெனியின் வெப்சைட்டுக்கு இணையத்தில் விளம்பரம் கொடுத்த அன்று முதலாளி சொன்னார்: "விளம்பரம் வேலை செய்யுதான்னு தினமும் பத்து மணிக்குப் பாருங்க. ஒருத்தரை ஒருத்தர் நம்பி இருக்காதீங்க. மாசக் கடைசிக்குள்ள அதைப் பார்த்து யாரும் வரலைன்னா இந்தப் பிரிவையே மூடிடுவேன்."

மகள் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாக தவமணியின் அப்பா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாளிலிருந்து பத்து மணி அடித்ததும் மூவரும் அவரவர் போனில் 'கொசுவலை' என்று தேடுவார்கள். முதலில் தெரியும் விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போவார்கள். வலைகளைப் பார்த்துத் திருப்தியாக வெளியே வருவார்கள்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. விளம்பரம் வழியாக தினமும் பத்து மணிக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள்.

"மூணு பேரும் நம்ம தெருவுலதான் இருக்காங்க!" என்றாள் தவமணி.

"அப்ப நம்ம தெருவுலதான் கொசு ஜாஸ்தி," என்றார் அண்ணன்.

"வர்றவங்க ஒண்ணும் வாங்காமப் போறாங்களே?" என்றாள் அக்கா.

"இதுல ஒருத்தன் வெச்சிருக்கற போனைப் பாருங்க, ஓட்டை மாடல். இவனா வாங்கப் போறான், பிசினாரி!" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் தன் போனில் விட்டிருந்த விரிசலை வேட்டியால் துடைத்தார்.

"பாவம், விடுங்கண்ணா. அவரையும் கொசு கடிக்குமில்ல," என்றாள் தவமணி.

வருகிறவர்கள் வாங்கக் கூச்சப்படுகிறார்கள் என்று முடிவாயிற்று. விளம்பரம் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி தவமணி ஓர் அறிவிப்பு போட்டாள்: 'புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வாருங்கள். வலை இலவசம்.'

செவ்வாய்க்கிழமை அதை மூன்று பேர் படித்ததாக ரிப்போர்ட் சொன்னது. முதலாளி அவர்களை வரவேற்க மாலை வாங்கச் சொன்னார்.

புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கே மூவரும் ஆளுக்கொரு மாலையோடு வாசலில் நின்றார்கள். பத்து மணி ஆனது. பத்தரையும் ஆனது. ஒருத்தரையும் காணோம்.

தவமணி உள்ளே ஓடிப்போய் ரிப்போர்ட்டைப் பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, இன்னைக்கு வெப்சைட்டுக்கு ஒருத்தருமே வரலைங்க."

அண்ணன் யோசித்தார். பிறகு பளிச்சென்று சிரித்தார். "அட, பயப்படாதீங்க அம்மணி! தினமும் தவறாம வர்றவங்க இன்னைக்கு ஏன் வரலை? கிளம்பிட்டாங்க! வழியில இருக்கறப்போ போனை எப்படிப் பார்ப்பாங்க?"

முதலாளி வாசலுக்கு வந்தார். "நல்லாப் பார்த்தியாம்மா? நிஜமா பூஜ்யமா?"

"ரெண்டு தடவை பார்த்தேனுங்க. பூஜ்யம்தான்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப எல்லாரும் நேர்லயே வர்றாங்க! பிரிவை மூடறதாவது! இனிமே தினமும் பத்து மணிக்கு நீங்க மூணு பேரும் வாசல்லயே நில்லுங்க."

அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் தினமும் பூஜ்யம். முதலாளி தினமும் கூட்டத்துக்காக நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.